தேம்ஸின் தென்கரை – 5: கூரைக்கடியில் ஓர் அறுவை அரங்கு

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தை விட்டு வெளியேறி செயின்ட் தாமஸ் தெருவில் மேற்கு நோக்கி நடப்போரின் பார்வை பெரும்பாலும் ஷார்ட் என்னும் கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியிலேயே தங்கிவிடுவதால், அதற்குச் சற்று அப்பால் நிற்கும் பழைய செங்கல் தேவாலயத்தைக் கவனிப்பவர் குறைவு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அத்தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குள், ஒருவர் இறங்கினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான 52 சுழற்படிகள் மேலேறுகின்றன. அவை சென்று சேரும் கூரையறையில்தான் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மருந்தாளர்கள் மூலிகைகளை உலர்த்திச் சேமித்தனர் என்பதற்கு, உத்தரங்களுக்கிடையே பின்னாளில் கிடைத்த காய்ந்த கசகசாக் காய்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. அவ்வறையின் ஒரு பகுதியை ஒதுக்கி 1822இல் அமைக்கப்பட்ட அறுவை அரங்கே, பிரிட்டனில் எஞ்சியிருக்கும் இவ்வகை அரங்குகளில் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது.

தேவாலயத்தின் கூரைக்கடியில் அறுவைச் சிகிச்சை நடந்தது விந்தையாகத் தோன்றினாலும், அதற்கான காரணம் எளியது. டோர்காஸ் என்ற பெயர்கொண்ட பெண்கள் வார்டு இக்கூரையறையை ஒட்டி அதே உயரத்தில் இருந்தது. அதுவரை பெண் நோயாளிகளுக்கு வார்டிலேயே, மற்ற நோயாளிகள் கேட்டும் கண்டும் நடுங்க, அறுவை செய்யப்பட்டு வந்தது. கூரையைத் திறந்து வானொளியை இறக்க இங்கு வசதி இருந்ததோடு, மாணவர்களை வார்டுக்கு வெளியே நிறுத்தவும் இடம் கிடைத்தது. கீழே வழிபடுவோர் மீது இரத்தம் சொட்டாதிருக்கும் பொருட்டு, இரட்டைத் தளம் அமைத்து இடையில் மரத்தூள் நிரப்பப்பட்டிருந்தது என்பது, கட்டியவர்கள் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள் என்பதைக் காட்டும்.

இன்று காணப்படும் மரவேலைகளில் பெரும்பகுதி பின்னர் சீரமைக்கப்பட்டதே எனினும், அமைப்பு மாறவில்லை. நடுவில் ஒரு மரமேசை. அதன் கீழே இரத்தத்தை ஏந்தும் மரத்தூள் பெட்டி. அதைச் சுற்றி குதிரை லாட வடிவில் உயரும் அடுக்குகள். இவ்வடுக்குகளில் இருக்கைகள் கிடையா. ஒவ்வோர் அடுக்கும் ஒருவர் நிற்பதற்கு மட்டுமே போதும் அகலமுடையது. முன்புறம் முழங்கை ஊன்றிச் சாய்வதற்கு ஒரு மரக்கம்பி ஓடுகிறது. கடைசி அடுக்கில் நின்று அக்கம்பியின் மேல் குனிந்து பார்த்தாலொழிய மேசையின் நடுப்பகுதி கண்ணுக்குப் படாது. முன்னால் நிற்பவரும் அவ்வாறே குனிந்துவிட்டால் அதுவும் மறைந்துபோகும். அம்மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ஃபிளின்ட் சௌத் தம் நினைவுக்குறிப்புகளில், ஆண்களுக்கான அரங்கில் மாணவர்கள் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளியதையும், முன்வரிசையினர் தலையைத் தாழ்த்தும்படி பின்வரிசையினர் கூச்சலிட்டதையும், வெப்பம் தாங்காமல் சிலர் மயங்கி விழுந்ததையும் விவரித்திருக்கிறார்.

இந்நெரிசலைக் கொண்டு, விக்டோரியா காலத்து அறுவை அரங்குகள் நாடகக் கொட்டகைகளைப்போல் தெருவில் போகும் எவருக்கும் திறந்திருந்தன என்று முடிவுகட்டுவது பிழை. அடுக்குகளை நிரப்பியோருள் மிகப் பெரும்பாலோர் கட்டணம் செலுத்திய மாணவர்களே. மருந்தாளர் தொழிலுக்கு உரிமம் வழங்கும் முறையை ஒழுங்குபடுத்திய 1815ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டுப் பயிற்சியுடன் ஆறு மாத மருத்துவமனை அனுபவத்தையும் கட்டாயமாக்கியதால், அதற்கான அனுமதிச் சீட்டை வாங்கிய இளைஞர்கள் லண்டன் மருத்துவமனைகளில் குவிந்தனர். கூடுதல் தொகை கட்டி ‘டிரெஸ்ஸர்’ ஆனவர், அதாவது அறுவை மருத்துவருக்கு உதவியாக நின்று காயங்களுக்குக் கட்டுப்போடும் மாணவர், மேசைக்கு அருகிலேயே இடம் பெற்றார். வெளியூர் மருத்துவர்களுக்கும், மருத்துவமனையின் ஆட்சிக்குழுவினருக்கும், தக்க அறிமுகத்தோடு வருவோருக்கும் வாயில் திறந்தது. மேசையில் கிடத்தப்பட்டவர் மட்டுமே எவ்விதக் கட்டணமும் செலுத்தாதவர்; வசதி படைத்தோர் தம் வீட்டிலேயே, சமையலறை மேசையின் மீதேனும், அறுவை செய்துகொண்டனர். ஏழை நோயாளி பெற்ற இலவசச் சிகிச்சைக்கு ஈடாக அவருடைய உடல் பாடநூலாயிற்று என்பதே இவ்வேற்பாட்டின் உண்மையான கணக்கு. இரக்கத்தால், ஊதியத்துக்காக அல்ல என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் இவ்வரங்கின் சுவரில் எழுதப்பட்டிருப்பதை, அக்கணக்கை அறிந்தபின் படிப்போர் சற்றே தயங்கித்தான் படிப்பர்.

ஆயினும் அக்கூட்டத்தால் நோயாளிக்கு ஒரு நன்மையும் விளைந்தது. தெருவின் எதிர்ப்புறத்தில் உள்ள கைஸ் மருத்துவமனையில், கவிஞர் ஜான் கீட்ஸ் டிரெஸ்ஸராகப் பணிபுரிந்த காலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1828 மார்ச்சில் நடந்த சிகிச்சை அதற்குச் சான்று. பிரான்ஸ்பி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் ஒரு தொழிலாளியின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்ற முற்பட்டபோது, கைதேர்ந்தோர் சில நிமிடங்களில் முடிக்கும் அப்பணி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. நோயாளி மறுநாள் இறந்தார். சுமார் 200 பேர் பார்த்திருந்த அந்நிகழ்வை, தாமஸ் வேக்லி 1823இல் தொடங்கிய ‘லான்செட்’ இதழ் விரிவாக வெளியிட்டு, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் உடன்பிறந்தார் மகனாக இருந்ததாலேயே அவருக்கு அப்பதவி கிடைத்ததெனச் சாடியது. பிரான்ஸ்பி தொடுத்த அவதூறு வழக்கில் கோரிய 2000 பவுண்டுக்குப் பதிலாக 100 பவுண்டு மட்டுமே இழப்பீடாகக் கிடைத்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்திருந்தால் அச்சாவு மருத்துவமனைப் பேரேட்டில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

ஆற்றைக் கடந்து வடக்கே கவர் தெருவை அடைந்தால், யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை இருந்த இடத்தில் சிலுவை வடிவில் பிற்காலத்தில் எழுந்த செங்கல் கட்டடம் நிற்கிறது. அங்கிருந்த அரங்கில், பாஸ்டன் நகரில் இரண்டு மாதங்களுக்கு முன் வெற்றிகண்ட ஈதர் மயக்கமருந்தை 1846 டிசம்பர் 21 அன்று பயன்படுத்தி, ராபர்ட் லிஸ்டன் ஒருவருடைய தொடையை அரை நிமிடத்துக்குள் துண்டித்தார். லிஸ்டனின் வேகத்தைப் பற்றிய கதைகள் பல; ஒரே அறுவையில் மூவர் உயிரிழந்ததாக இன்றும் சொல்லப்படும் கதைக்குச் சமகாலச் சான்று கிடையாது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்வோருக்கு அது தேவைப்படுவதாகவும் தெரியவில்லை. அலறல் நின்றதும் வேகத்துக்கான தேவை குறைந்தது. மருத்துவர் நிதானமாக வெட்டவும், அடுக்குகளில் நிற்போர் உண்மையிலேயே கற்கவும் அதன்பின்னரே இயன்றது. ஆனால் காயம் சீழ்பிடிப்பதை ஈதர் தடுக்கவில்லை. ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் 1865 முதல் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அதை எதிர்த்தார். 1877இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு வந்தபின் தலைநகரமும் மெல்ல அம்முறையை ஏற்றது. கருவிகளைக் கொதிக்கவைத்து, தூய மேலங்கி அணிந்து, கிருமியே நுழையாமல் காக்கும் முறை நூற்றாண்டின் இறுதியில் பரவியபோது, தெருவின் தூசியோடு உள்ளே வந்து நிற்கும் கூட்டமே ஆபத்தாகக் கருதப்பட்டது.

அக்கூட்டத்தில் பெண்கள் இல்லை என்பது, செயின்ட் தாமஸ் கூரையறையை நினைவில் வைத்திருப்போருக்கு உறுத்தாமல் இராது. அங்கே மேசையில் கிடந்தோர் அனைவரும் பெண்கள், அடுக்குகளில் நின்ற மாணவர் அனைவரும் ஆண்கள். 1860இல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் செவிலியாக நுழைந்த எலிசபெத் காரெட், அறுவைகளைப் பார்க்கவும் பிணக்கூறு வகுப்பில் கற்கவும் படிப்படியாக இசைவு பெற்றார். பிறர் விடையளிக்க இயலாத கேள்விக்கு அவர் விடை சொன்னதே பகையைக் கிளறியதென்பர். பெண் உடனிருப்பது முறையன்று என மாணவர்கள் 1861இல் விண்ணப்பம் அளித்து அவரை வெளியேற்றினர். அம்மருத்துவமனையின் சிற்றாலயம் இன்றும் எஞ்சியிருக்கிறது.

பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளி 1874இல் தோன்றிய பின்னரும், மாணவியரை வார்டுகளுக்குள் அனுமதிக்க ராயல் ஃப்ரீ மருத்துவமனை முன்வந்தது 1877இல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவோடு சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஷார்லீப் 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றுத் திரும்பி, ஆண்கள் முன் வர விரும்பாத பெண்களுக்கென 1885இல் சென்னையில் நிறுவிய மருத்துவமனையே திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் அழைக்கப்படுகிறது. அதனைப் பெண் மருத்துவர்களே நடத்தினர். பின்னர் லண்டன் சென்ற அவர், எலிசபெத் காரெட் நிறுவிய பெண்கள் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.