ஒட்டாத, தட்டு

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ப்ரௌசிங் சென்டர் எங்கே என்று கேட்டேன். "அந்தா, ஜெராக்ஸ் கடைதான்" என்று கை காட்டினார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சுவரோரம் ஒரு பெஞ்ச். பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள். கடையை நடத்தும் அக்காவிடம் முன்பே பேசி, ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

பிரௌசரைத் தானாக இயக்கும் கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. அதைப் படிக்கப்போவது ஏஐ ஏஜென்ட். 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் அப்படியொரு கருவியான செலினியத்தைத் தொடங்கியபோது அதன் விளக்கத்தைப் படித்தவர்கள் சோதனைப் பொறியாளர்கள். விட்டுப்போனதை அவர்களே ஊகித்துக்கொண்டார்கள், இல்லையென்றால் பக்கத்து நாற்காலியில் கேட்டார்கள். ஏஜென்டுக்குப் பக்கத்து நாற்காலி இல்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்: பெரும்பாலும் அதன் கையில் இருப்பது இவ்வளவுதான்.

சொடுக்கும் கருவிக்கு நான் முதலில் எழுதியது ஒரே வரி: 'பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பைச் சொடுக்கும்.' சோதனையில் ஏஜென்ட் கட்டணப் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டது. பக்கம் மெதுவாக மாறியதை, அழுத்தியது விழவில்லை என்று எடுத்துக்கொண்டது. மாதிரிப் பக்கம் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையான பக்கமாக இருந்திருந்தால் யாரோ ஒருவருடைய கூலி இரண்டு தடவை போயிருக்கும். அந்த நினைப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது. நாளெல்லாம் அடுத்தவருக்காக விண்ணப்பம் நிரப்புகிறவர்கள், புதிதாக வந்த ஆளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு பெயரை அவள் காப்பி செய்து கட்டத்தில் போடப் போனாள்.

"ஏட்டி, ஒட்டாத, தட்டு. ஒட்டுனா பக்கத்துக் கட்டத்துல தமிழ்ப் பேரு வராது."

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சில பக்கங்களில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டத் தட்ட, பக்கத்தில் தமிழில் தானாக விழும். விசை அழுந்துவதை அந்தப் பக்கம் கவனித்துக்கொண்டே இருப்பதால் நடப்பது அது. பிரௌசரை இயக்கும் பிளேரைட் கருவியில் 'ஃபில்' என்ற கட்டளை, கட்டத்தில் இருப்பதை நீக்கிவிட்டு முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் வைத்துவிடும். விசை அழுந்தியதாகப் பக்கத்துக்குத் தெரியாது. எழுத்தெழுத்தாகத் தட்ட வேறு கட்டளை உண்டு. இரண்டுக்கும் 'கட்டத்தை நிரப்பும்' என்று எழுதி வைத்தால் ஏஜென்ட் எதைப் பிடிக்கும்? எதை எப்போது எடுக்கக் கூடாது என்பதை அக்கா இரண்டே வாக்கியத்தில் காரணத்தோடு முடித்துவிட்டார்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர்–சென்னை ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது இந்த ஊர் ஸ்டேஷனில்தான். வெள்ளம் வடிந்ததும் நனைந்த ரேஷன் கார்டு, சான்றிதழோடு சனம் கடைக்கு வந்தபோது, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யாமலிருக்க எழுத ஆரம்பித்தாராம். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'பணம் கட்டி வட்டம் சுத்தினா கை வைக்காத. பழைய விண்ணப்பப் பட்டியலப் பாரு. அதுல நம்ம நம்பர் இருந்தா முடிஞ்சுது.' என்ன செய்ய வேண்டும், என்ன கண்ணில் படும், படாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது, மூன்றும் அதில் இருக்கின்றன. என் ஒற்றை வரியில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

ஏஜென்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி வெறுமனே படிக்குமா, எதையாவது கெடுக்குமா, திரும்பச் செய்தால் பாதகமில்லையா என்று குறித்துவைக்க இடம் வந்தது. எதுவும் குறிக்காவிட்டால், கெடுக்கக்கூடியது, திரும்பச் செய்யத் தகாதது என்றே கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் இந்தக் குறிப்புகள், திரும்பச் செய்யும் முன் எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. அதை எழுதுகிறவர்தான் எழுத வேண்டும்.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது, அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதியதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன்: 'சொடுக்கியபின் பக்கத்தைப் புதிதாக வாசி. பக்கத்தின் உறுப்புகளுக்கு முன்பு வாசித்த அடையாள எண்கள் இனிச் செல்லாது. கட்டணப் பொத்தான் என்றால், முந்தைய அழுத்தல் பதிவாகவில்லை என்று உறுதியாகாமல் மறுபடி அழுத்தாதே.'

கேட்டுக்கொண்டிருந்தவர், "ஓடிபி வந்தா என்ன செய்யும்?" என்றார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை.

அதற்குள் பெஞ்சிலிருந்த ஆச்சி எழுந்து வந்து, தன் போனை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. கடை வாசலில் நின்ற பேரனைக் கூப்பிட்டார். "ஆச்சி போன்ல நம்பர் வந்திருக்கும், என்னத்துக்குன்னு ஆச்சிட்ட சொல்லிட்டு வாசில." அவன் எதற்கான எண் என்று ஆச்சியின் காதில் உரக்கச் சொன்னான். ஆச்சி தலையசைத்த பிறகுதான் எண்ணை வாசித்தான்.

நான் குறிப்பைத் திறந்து அடுத்த வரியை எழுதினேன்: 'இங்கே நிறுத்து. உரியவரிடம் எதற்கென்று சொல்லிவிட்டுக் கேள்.'