பெரிய சந்தைக் காசு

எங்கள் ஒழுங்கை போய் ஏறும் தார் றோட்டுக்குக் கண்டி வீதி என்று பெயர். கொடிகாமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெயருக்குள் ஓர் ஊர் இருப்பது இருபது வயதுவரை உறைக்கவில்லை. 2016இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, அதே வீதியில் இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கண்டியில் பல் கிடுகிடுக்க இறங்கியபோதுதான் உறைத்தது.

மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் வந்ததுதான், பெய்துவிட்டுப் போய்விடும். ஹந்தானை மலையில் அது குடியிருந்தது. தோய்த்துப் போட்ட சாரம் மூன்று நாளாகியும் காயாது. பிறகு, இங்கிலிசு. உயர்தரத்தில் இழைமணி, கலமென்சவ்வு, ஒளித்தொகுப்பு என்று நெட்டுருப் போட்டவன் நான். விரிவுரை மண்டபத்தில் அவையெல்லாம் வேறு பெயர் பூண்டு வந்து நின்றன. விரிவுரையாளர் ‘மைற்றோகொண்ட்ரியன்’ என்று சொல்லி நாலு வசனம் தாண்டிய பிறகுதான், அட, இது எங்கட இழைமணியல்லோ என்று பிடிபடும். அதற்குள் அடுத்த படம் விழுந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மேடேறியதில் பக்தி பாதி. அங்கே போனால் எல்லாரும் தமிழில் கதைப்பார்கள் என்பது மீதி.

மகாபொல புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. மாதம் ஐயாயிரம் ரூபாய். அந்தப் பெயரின் பொருளைச் சொன்னவன் அறையில் கூட இருந்த குருநாகல்காரன். ‘பொல’ என்றால் சந்தை, ‘மகா’ என்றால் உனக்கே தெரியும் என்றான். வர்த்தக அமைச்சராய் இருந்த லலித் அத்துலத்முதலி ஊரூராய் நடத்திய பெருஞ்சந்தைகளில் முளைத்தது, 1981இல் சட்டமாகி நிதியமாயிற்று. லொத்தர்க் காசும் அதில் சேர்ந்தது. அதே மனிதர் 1984இல் தேசிய பாதுகாப்பு அமைச்சரானவர். எங்கள் பக்கத்தில் பெரியாட்கள் அவரை ஞாபகம் வைத்திருந்தது அந்தக் கணக்கில்தான். அவர் தொடக்கிவைத்த காசில் நான் சோறு தின்னப்போகிறேன் என்பதை ஊரில் யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை.

அம்மாவிடம் பெயரின் பொருளை மட்டும் சொன்னேன். அம்மா கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்றவர். மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாளில் முருங்கைக்காய், கத்தரிக்காய், பனங்கட்டி. அன்றிலிருந்து அவருக்கு அது ‘பெரிய சந்தைக் காசு’.

“என்ன மோனை, பெரிய சந்தைக் காசு வந்திட்டுதோ?”

வரவில்லை. பிழை என்னுடையது. விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு இலக்கத்தின் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். கூடப்படித்தவர்கள் முதல் காசு எடுத்துக் கலஹா சந்தியில் கொத்துரொட்டி சாப்பிட்டபோது, எனக்கு வயிற்றுக் குத்தென்று படுத்திருந்தேன். பிழையைக் கண்டுபிடித்து, சிங்களத்தில் கடிதம் எழுதித் தந்தவனும் குருநாகல்காரன்தான்.

அதுவரை சின்னச் சந்தைதான் படியளந்தது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் அம்மா இரவில் கண்டி வீதிக்கு வந்து, பஸ்ஸை மறித்து, கொண்டக்டரிடம் பார்சலைக் கொடுப்பார். நான் விடிய முன்னம் போய்க் கண்டியில் எடுப்பேன். மேலே புழுக்கொடியல், அதற்குக் கீழே பயற்றம் பணியாரம், அடியில் வறுத்திடித்த மிளகாய்த்தூள். தூள் பையோடு ஒட்டி இன்னொரு சின்னப் பை. அதற்குள் ஆயிரம் ரூபாய். ஆயிரம் என்றால் ஒற்றைத் தாள் இல்லை. இருபதும் ஐம்பதும் நூறுமாய், மடங்கிக் கசங்கி, சிலதில் மாங்காய்ப்பால் கறுத்துக் காய்ந்திருக்கும். கன்டீனில் அவற்றை எண்ணிக் கொடுக்க எனக்கு வெட்கமாயிருந்தது. இப்போது எழுதுகையில் அந்த வெட்கத்தை நினைக்கத்தான் வெட்கம்.

செமஸ்டர் முடிகிற நேரம் மூன்று மாதக் காசு ஒன்றாய் விழுந்தது. பதினையாயிரம். ஐயாயிரத்தைப் பிரித்தெடுத்து, லீவில் போய் அம்மாவின் கையில் வைத்தேன். வேண்டாம் என்பார், கண் கலங்குவார் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு காட்சி கட்டி வைத்திருந்தேன். அம்மா காசை இரண்டுதரம் எண்ணினார். பிறகு தட்டியில் செருகியிருந்த கொப்பியை எடுத்தார். கடன்காரரின் கணக்குக் கொப்பி. அதில் ‘கண்டி’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம். கீழே ஏழு வரி, வரிக்கு ஆயிரம். ஐந்து வரியைப் பேனையால் வெட்டினார்.

“இன்னும் ரெண்டு கிடக்கு,” என்றார். சிரிக்கவே இல்லை. வியாபாரம் வியாபாரம்தானே.

அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஆய்வுகூட அங்கி வாங்க வேண்டியிருந்தது, அதற்கடுத்த மாதம் கல்குலேற்றர். பிறகு வேலை கிடைத்து எவ்வளவோ கொடுத்தேன். அதெல்லாம் வீட்டுச் செலவு என்று வேறு பக்கத்தில் ஏறியது.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை ஏழாயிரத்து ஐந்நூறாகக் கூட்டினார்கள். செய்தியைக் கேட்டதும், அம்மா, பெரிய சந்தையில விலை ஏறிட்டுது என்று வாய்வரை வந்தது. அவர் போய் இரண்டு வருடமாகியிருந்தது. சந்தையில் அவர் சாக்கு விரித்த இடத்தில் இப்போது வேறொருவர் வெங்காயம் குவித்திருக்கிறார்.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. ‘கண்டி’ப் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் அப்படியே கிடக்கின்றன.