ஐஸுக்குத் தண்ணி மாறுதல்

"விரலை வைச்சுப் பாருங்கோ மாமா" என்றான் மருமகன். வைத்தேன், உடனே இழுத்துக்கொண்டேன். குழாயிலிருந்து மெசினின் தாங்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் அவ்வளவு சூடு. வெளியே ஸ்காபரோவில் மாசி மாதத்து விடியற்காலை ஐந்தரை மணி, சைபருக்குக் கீழே 14 பாகை. அந்தச் சுடுதண்ணீரைத்தான் அவன் ஐஸின்மேல் ஊற்றப் போகிறான்.

எங்களூரில் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கித் தடிமன் கொண்டுவருவது. இங்குள்ள எங்கள் சனத்துக்கு வானத்திலிருந்து விழுவது ஸ்நோ, உறைந்து கிடப்பது ஐஸ். நானும் ஐஸ் என்றே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஐஸ் குருநகர்க் கரையில் கட்டியாக வந்திறங்கி, நொறுக்கப்பட்டு, மீனோடு கிடந்து உருகிப்போவது. அதை உருகாமல் வைத்திருக்க மட்டுமல்ல, மட்டமாக வைத்திருக்கவும் ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது அக்காவைப் பார்க்க ரொறன்ரோ வந்த இடத்தில்தான் தெரியவந்தது. அக்கா ஊருக்குச் சொல்லியிருந்தது "மகனுக்கு சிற்றியில வேலை" என்று மட்டும். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு ஹொக்கி ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். எங்கள் கணக்கில் ஆறு பரப்புக் காணிக்குச் சற்றுக் கூட. குளம் உறைந்ததுபோல ஆழமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஐஸின் தடிப்பு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. கீழே கொங்கிறீட் தளம். அதற்குள் நெருக்கமாகப் புதைத்த குழாய்களில் இரவு பகலாக ஓடுவது உப்புக் கரைசல். வெறும் தண்ணீர் உறையும் குளிரிலும் உப்புத்தண்ணீர் உறையாது, அதனால் அது குளிரைச் சுமந்து சுற்றிவருகிறது. கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளைகூட ஐஸினுடையது இல்லை. மெல்லிய படை ஒன்றை உறையவைத்து, அதன்மேல் வெள்ளை பூசி, பிறகு சிவப்பு நீலக் கோடுகள் வரைந்து, மறுபடி படை படையாகத் தண்ணீர் தெளித்து மூடிவிடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் ஓவியத்தின்மேல் சறுக்குகிறார்கள்.

உப்புக் கரைசலைக் குளிர்விக்கும் அறையை வெளியில் நின்றுதான் காட்டினான். உள்ளே அமோனியா. 2017 ஒக்ரோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி என்ற சிறு நகரத்து ரிங்கில் அமோனியா கசிந்து மூன்று தொழிலாளர் இறந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டும்போது அவன் பகிடி விடுவதில்லை.

அவன் சுடுதண்ணீர் நிரப்பிய மெசினை இங்கே எல்லோரும் ஸம்போனி என்கிறார்கள், யார் செய்த மெசினாக இருந்தாலும். அது ஓர் ஆளின் பெயர். ஃபிராங்க் ஸம்போனி கனடாக்காரரும் இல்லை. வெயிலுக்குப் பேர்போன தென் கலிபோர்னியாவில், பரமவுண்ட் என்ற ஊரில் தம்பியோடு சேர்ந்து ஐஸ் கட்டி செய்து விற்றவர். காய்கறி ரயில்களுக்குத் தேவைப்பட்ட ஐஸ். குளிரூட்டும் இயந்திரங்கள் பரவ அந்த வியாபாரம் படுத்தது. கையில் இருந்த குளிரூட்டும் அறிவை வைத்து 1940இல் 'ஐஸ்லாண்ட்' என்ற சறுக்கு அரங்கைத் திறந்தார். அங்கே ஐஸைப் புதுப்பிக்கப் பட்ட பாடு பெரிது: ட்ரக்டரால் சுரண்டி, துகளை அள்ளி, தண்ணீர் விட்டு, அழுக்கை வழித்து, பிறகு உறையும்வரை காத்திருப்பது. பல ஆட்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல். 1942இல் மெசின் ஒன்றைச் செய்யத் தொடங்கியவர், போரில் மிஞ்சிய உதிரிப்பாகங்களையும் பொருத்தி 1949இல்தான் வெற்றி கண்டார். அடுத்த வருடம் அங்கே பயிற்சிக்கு வந்த நோர்வே நட்சத்திரம் சோன்யா ஹெனி அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கேட்டார். ஐஸ் வியாபாரம் படுக்காவிட்டால் இந்த மெசின் பிறந்திராது என்று நினைக்கையில், குருநகர் ஐஸ்காரர்கள்மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

"நானும் ஏறலாமோ?"

"ஏத்தேலாது மாமா, வேலை போயிடும். கண்ணாடிக்கு இஞ்சால நிண்டு பாருங்கோ."

பார்த்தேன். மெசின் யானை நடை போட்டது. அவன் பின்னால் உயரத்தில் இருந்தான், அவனுக்கு முன்னால் துகள் சேரும் பெரிய பெட்டி. வேலையெல்லாம் நடப்பது வால்பக்கம் ஐஸோடு உரசிவரும் பகுதியில். ஆறடிக்கு மேல் நீளமான கத்தி ஒன்று கடதாசித் தடிப்பில் ஐஸைச் சீவுகிறது. சீவிய துகளைத் திருகாணி போன்ற சுருள்கள் நடுவுக்குக் கூட்டி, மேலே முன்பெட்டிக்கு ஏற்றுகின்றன. அடுத்து கழுவும் தண்ணீர், கீறல்களுக்குள் கிடக்கும் அழுக்கைக் கிளப்புகிறது. அதை உறிஞ்சி எடுத்தபிறகுதான் சுடுதண்ணீர். அதைப் பரவலாக இழுத்துவிடக் கடைசியாக வருவது, இத்தனை பெரிய இயந்திரத்தில், ஒரு துவாய். மெசின் போன வழியில் ஈரம் கண்ணாடிபோல மின்னி, ஆவி எழும்பி, சில நிமிடங்களில் இறுகியது.

சூடு எதற்கு? பச்சைத்தண்ணீர் விட்டால் பட்டவுடன் மேலே உறைந்து தனிப் பொருக்காக நிற்கும், கீறலுக்குள் இறங்காது என்றான். சுடுதண்ணீர் பழைய ஐஸின் மேல்தோலைச் சற்று இளக்கி, அதோடு ஒட்டி ஒன்றாக உறைகிறது. சூடாக்கிய தண்ணீரில் கரைந்த காற்றும் குறைவு, அதனால் ஐஸ் தெளிவாகவும் இறுக்கமாகவும் வருகிறது.

இப்படி ஒருமுறை செய்வதற்கு இங்கே ஃபிளட் என்று பெயர், வெள்ளம் விடுதல். அந்தச் சொல்லைக் கேட்டதும் அத்தான் நினைவுக்கு வந்தார். உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்தவர். இறைப்பு மெசின் ஓட, மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் வாயை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணி மாறுவார். மேடு பள்ளம் இருந்தால் ஒரு பக்கம் அழுகும், மறுபக்கம் வாடும். கனடா வந்த புதிதில் மகன் ஓட்டுவதை இதே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாராம். எல்லோரும் மெசினைப் பார்க்க, இவர் தரையைப் பார்த்திருக்கிறார். "தம்பி, அந்த மூலையில தண்ணி தேங்குது."

"அளந்து பாத்தன் மாமா, கோணர் கால் அங்குலம் உயந்திருந்துது" என்றான். திரும்பும்போது வேகம் குறைகிறது, தண்ணீரைக் குறைக்காவிட்டால் மூலை வளர்ந்துகொண்டே போகும். வேலியோரத்தில் மெசின் முட்டச் சீவாது, அதற்குத் தனியாக ஒரு சிறு வெட்டும் மெசினைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கோல் வாசலிலோ காவலர் கால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம். அங்கங்கே துளைபோட்டுத் தடிப்பை அளந்து குறித்து வைக்கிறான். மெலிந்தால் கத்தி பூச்சில் போய் நிற்கும். தடித்தால் கீழிருந்து வரும் குளிர் மேலே வந்துசேராது, மின்சாரச் செலவு ஏறும். அத்தானிடம் துளைக்கருவி இல்லை, இவனிடம் உண்டு. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

தவறும் விட்டிருக்கிறான். பழகிய காலத்தில், வேறொரு ரிங்கில், யாரோ கூப்பிட்டார்கள் என்று நடுவில் மெசினை நிறுத்தினான், தண்ணீர்க் குழாயை மூடவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஐஸில் சட்டியளவு குழி. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் அரை மணி பிந்தியது. பெற்றோர் பேசிய பேச்சை இன்றுவரை தாயிடம் சொல்லவில்லை. நான் இதை எழுதுவதும் அவனுக்குத் தெரியாது.

ஐஸ் மெசின் ஓட்டுகிறவனை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தான், டேவிட் ஏயர்ஸ் கதையைச் சொன்னான். ரொறன்ரோவில் இதே வேலை செய்தவர், வயது 42. 2020 பெப்ரவரி 22ஆம் திகதி, மேப்பிள் லீஃப்ஸை எதிர்க்க வந்த கரோலைனா அணியின் இரண்டு கோல்காவலர்களும் காயப்பட, அவசரத்துக்கு வைத்திருந்த ஆள் என்று அவரை இறக்கினார்கள். முதல் இரண்டு பந்தும் உள்ளே போயின. அதன்பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6–3 என்று வென்றது. பந்து என்று நான் எழுதுவதைப் பார்த்தால் மருமகன் கோபிப்பான். அது பக், தட்டையான ரப்பர் வில்லை.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் பையன் கதவைத் தாண்டிப் பாய்ந்ததும் நெடுக ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. எனக்கு நெஞ்சு பதைத்தது. மருமகன் பார்க்கவேயில்லை. பின்புறம் துகளைக் கொட்டப் போய்விட்டான். அங்கே மலைபோல அழுக்கு வெள்ளைக் குவியல், சித்திரை வரைக்கும் கிடக்குமாம்.

வேலை முடிந்து வெளியே வந்தோம். கார் நிற்கும் இடத்துக்கு நான் காலெடுத்து வைக்க, கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நில்லுங்கோ மாமா. இது நான் போட்ட ஐஸ் இல்லை."

கதவோரத்து வாளியிலிருந்து ஒரு கோப்பை உப்பை அள்ளி, விதைப்பதுபோல என் முன்னால் வீசிக்கொண்டு நடந்தான்.