வரி விழும் சூடு

வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் மெழுகுவத்திக்கு எப்போதும் முதலிடம். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா திருவிழா நாட்களில் விற்பனை பல மடங்காகும். அதற்கு முந்தைய வாரங்களில், நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வீட்டிலேயே மெழுகுவத்தி ஊற்றும் பெண்களைப் பார்க்கப் போயிருந்தேன். சலவைக்கல்லில் ஓடும் வரிகளைப் போல நிறங்கள் பின்னிக் கிடக்கும் மார்பிள் மெழுகுவத்திதான் அவர்களுடைய சரக்கு.

வேலை நடப்பது கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில். சமையலறைக்குள் மெழுகு நுழைவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான் அடுப்பு பற்றவைக்கிறார்கள். அகன்ற அண்டாவில் தண்ணீர், அதன் அடியில் ஓர் இரும்பு வளையம், வளையத்தின் மேல் மெழுகுப் பாத்திரம். பாரஃபின் மெழுகு கச்சா எண்ணெயிலிருந்து பிரிவது, அதாவது எரிபொருள். 60 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நேரடித் தீயில் வைத்தால் கொதித்து எச்சரிக்காமலே சூடேறி, 200 டிகிரியை நெருங்கும்போது அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்டாது.

“தண்ணி இருக்குற வரைக்கும் பயமில்ல தங்கச்சி. வத்திப்போச்சுன்னா அது எண்ணெய்ச் சட்டிதான்” என்றார் அவர்களில் மூத்தவர். அண்டாவைப் பார்த்துக்கொள்வது ஒருவருக்கு முழுநேர வேலை. பக்கத்திலேயே பாத்திரத்துக்குச் சரியாகப் பொருந்தும் மூடி. தீப்பிடித்தால் கேஸை நிறுத்தி மூடியால் மூட வேண்டும். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, நெருப்பையும் மெழுகையும் சேர்த்து மேலே வீசும். சில இலவசப் பயிற்சி வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். அச்சு, நிறம், வாசனை எல்லாம் கற்றுத் தந்தார்கள், இந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குக் கோபமூட்டுகிறது.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயம் மட்டுமே. கேசரிக்குப் போடும் நிறம் தண்ணீரில் கரைவது, மெழுகோடு சேராது. கிரேயான் உருகும், ஆனால் அதன் துகள்கள் திரியை அடைத்துக்கொள்ளும். பத்துப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று நிற்கும், அச்சிலிருந்தும் எளிதாகக் கழன்று வரும்.

வரி விழ வைக்கும் வித்தையை ஓர் இளம்பெண் செய்து காட்டினார். வெள்ளை மெழுகை அச்சில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். ஓரத்தில் மெல்லிய ஏடு படரத் தொடங்கியதும், நீல மெழுகை ஒரு பக்கமாக நூல்போல விட்டார். மூங்கில் குச்சியை அச்சுச் சுவரை ஒட்டி இறக்கி இரண்டே முறை இழுத்தார். “மூணாவது தடவ இழுத்தா கலங்கிரும்க்கா.” மெழுகு அதிகச் சூடாக இருந்தாலும் நிறங்கள் ஒன்றாகக் கரைந்துவிடும். ஆபத்துக் குறைந்த மிதமான சூட்டில்தான் வரியும் விழுகிறது என்பதை அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன். நல்ல வேலையும் பத்திரமான வேலையும் இந்தத் தொழிலில் ஒரே பொறுமையிலிருந்து வருகின்றன.

இன்னொரு முறை: அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் வண்ண மெழுகை ஊற்றினால் அது மேலே மிதக்கும். ஆறிய வெள்ளை மெழுகுவத்தியைத் திரியைப் பிடித்து இறக்கி, ஒரு திருகு திருகி எடுத்தால் நிறம் மேலே சுற்றிக்கொள்ளும். தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது, குமிழி வெடித்து மெழுகு முகத்தில் தெறிக்கும். திரி நனைந்தால் கொளுத்தும்போது படபடவென்று பொரியும்.

மூத்தவரின் முன்கையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. ஒட்டிய மெழுகை அன்று உடனே உரித்ததில் தோலும் சேர்ந்து வந்துவிட்டதாம். இப்போது யார் கையில் பட்டாலும் முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்கிறார். தோலோடு ஒட்டியதை யாரும் பிய்ப்பதில்லை, பெரிதாகச் சுட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

மிச்ச மெழுகைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை, உறைந்து குழாயை அடைக்கும். ஒரு தகர டின்னில் சேர்கிறது. எல்லா நிறமும் கலந்து மங்கிப்போன அந்த மெழுகில் கருஞ்சிவப்புச் சாயம் போட்டுச் சின்ன மெழுகுவத்திகளாக ஊற்றுகிறார்கள். திருவிழாவில் முதலில் தீர்ந்துபோவது அவைதானாம்.