ஆடுகள் நிமிர்ந்து பார்க்கவில்லை

'தி ப்ளூ மாக்ஸ்' (1966) என்ற முதல் உலகப்போர்த் திரைப்படத்தில் நாம் நம்ப மறுத்த காட்சி ஒன்று உண்டு. மூன்றடுக்கு இறக்கை கொண்ட சிறு விமானமொன்று ஆற்றுப்பாலத்தின் தூண்களுக்கிடையே புகுந்து வெளியேறும். அருகே மேயும் ஆடுகள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. ஸ்டுடியோ தந்திரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம்.

தீர்ப்புத் தவறு. பாலம் அயர்லாந்தின் ஃபெர்மாய் அருகே உள்ளது. ஓட்டியவர் டெரெக் பிகாட் என்ற ஆங்கிலேயர். குறுகலான இடைவெளியில் இறக்கை நுனிக்கும் தூணுக்கும் நடுவே ஏறக்குறைய 4 அடிதான். ஆற்றில் ஒரு கம்பமும் எதிர்க்கரையில் ஒரு கம்பமும் நடச்செய்து, இரண்டும் ஒரே கோட்டில் தெரியுமாறு விமானத்தைச் செலுத்தி, இரு கண்களின் வழியாகவும் முப்பதுக்கும் மேற்பட்ட முறை பறந்தார். ஆடுகளை அங்கே விட்டதே காட்சி மெய்யானது என்று காட்டத்தான். மிரண்டு ஓடுமென எதிர்பார்த்தார்கள். அவற்றுக்கோ அதற்குள் விமானம் பழகிவிட்டது. (சாட்சி சொல்ல வந்தவை பிறழ்சாட்சியாய்ப் போயின.)

நிற்க. பிகாட்டைப் பற்றிப் பேசுவோர் பாலத்தோடு நின்றுவிடுகிறார்கள். நம் கட்சி வேறு. 1922-இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த அவர், பின்னர் ஹாம்ப்ஷயரின் லாஷம் திடலில் தலைமைப் பயிற்றுநராகப் பல்லாண்டுகள் கிளைடர் ஓட்டக் கற்றுத்தந்தார். கிளைடருக்கு எஞ்சின் இல்லை. கம்பிவடமோ வேறொரு விமானமோ மேலே இழுத்துவிட்டபின், அது காற்றினூடே ஓயாமல் இறங்கிக்கொண்டேயிருக்கும். வெயிலில் சூடேறி எழும் காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள் வட்டமிட்டால் உயரம் கிட்டும். இறங்கும்போது பிசகினால், மறுபடி மேலேறிச் சுற்றிவந்து பார்க்கலாம் என்ற சலுகையும் கிடையாது. 1961 நவம்பர் 9 அன்று அதே லாஷமில், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய 'சம்பாக்' என்ற விமானத்தை மிதிவண்டிபோல் மிதித்தே 64 மீட்டர் பறந்தார். அன்று எஞ்சினும் அவரே.

நம்மைப் பிடித்து நிறுத்தியது இவை எதுவுமன்று. அச்சத்தைப் பற்றி அவர் எழுதியது. மேடான பாலத்தில் பேருந்து ஏறி இறங்கும்போது, கடைசி இருக்கையில் இருப்பவர்க்கு அடிவயிறு கழன்று விழுவதுபோல் இருக்குமே, அந்த உணர்வு. உடலின் எடை ஒரு கணம் குறைவதால் வருவது அது. சிலருக்கு வெறும் கூச்சம். சிலருக்கோ பெரும் பீதி. வேகம் குன்றி இறக்கை தாங்கும் வலுவை இழப்பதை 'ஸ்டால்' என்பார்கள். அதிலிருந்து மீளக் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ள வேண்டும். அடிவயிறு கழன்றதும், ஸ்டால்தான் என்று எண்ணி மாணவன் தண்டைத் தள்ளுகிறான், தள்ளுவதாலேயே எடை மேலும் குறைகிறது, பீதி ஏறுகிறது, இன்னும் தள்ளுகிறான். நன்றாகப் பறந்துகொண்டிருந்த கிளைடர் தரையை நோக்கிப் பாய்கிறது. தனியே அனுப்புமுன் இத்தகையோரைக் கண்டறிந்து, பாதுகாப்பான உயரத்தில் அவ்வுணர்வைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்பது பிகாட்டின் வழி.

இதைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. தில்லியில் அண்ணன் காலமானபோது நாம் விமானம் ஏறவில்லை. முன்பொரு பயணத்தில், மேகத்துக்குள் விமானம் ஒருமுறை குலுங்கி இறங்கியது. அந்த ஒரு கணம் போதுமானதாயிருந்தது. இரயிலில் போய்ச் சேர்ந்தபோது அஸ்தி மட்டுமே இருந்தது. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் சொன்னோம். அவரும் நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். கோழைத்தனம் என்று நாம் பெயரிட்டு மறைத்துவைத்த ஒன்றை, பிகாட் ஒரு பயிற்றுநரின் நிதானத்தோடு, ஏளனமின்றி, பழக்கக்கூடிய உடற்குறிப்பாகவே கண்டார்.

எண்பதை எட்டிய பின்பும் எளிய கிளைடரொன்றில் 500 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர், தனியே பறப்பதை 2012-இல், 89-ஆம் வயதில் விட்டார். 2019 சனவரியில் மறைந்தார்.

அந்தக் காட்சியை அண்மையில் மறுபடி பார்த்தோம். ஆடுகளை விட்டுவிட்டு, பாலத்துக்கு அப்பால் அந்தக் கம்பம் தென்படுகிறதா என்று தேடினோம். அகப்படவில்லை. அண்ணிக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை.