அங்கிள், கீழே ரோடு ஓடுது!

சாந்தோமில் குடியிருக்கிறவன் இரும்பில் எதையும் வாங்கக் கூடாது ஸார். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் கொண்டி, மொட்டைமாடிக் கொடிக்கம்பி என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கடற்காற்று வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். புதுப் பூட்டு வாங்கினால் ஆறு மாதத்தில் சாவி நுழையாது. இதெல்லாம் தெரிந்திருந்தும் 2011-ல் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினேன். நிறுத்துவதற்கு ஷெட் கிடையாது. தெருவோரம், வேப்பமரத்தடி, பாதி நிழல்!

1998 மாடல். நான் மூன்றாவது ஓனர். இன்றைய இளைஞர்களுக்காக ஒரு சிறுகுறிப்பு: இந்த வண்டி 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. 1988-ல் ஆம்னி ஆயிற்று. 2019-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர். இன்ஜின் எங்கே என்று முன்னால் தேடாதீர்கள். நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கும். மே மாதத்தில் ஓட்டினால் தோசைக்கல்லில் உட்கார்ந்த சுகம். போதாக்குறைக்கு, தமிழ் சினிமாவில் யாரைக் கடத்துவதென்றாலும் இந்த வண்டியில்தான் கடத்தினார்கள். முதல் நாள் என் மனைவி வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் இதிலே ஏறினா, பார்க்கிறவங்க போலீசுக்குப் போன் பண்ணிடுவாங்க" என்றாள்.

ஆனால் வண்டி நன்றாகத்தான் உழைத்தது. காலையில் என் மகளையும் எதிர்வீட்டு டீச்சரின் பேரன், பேத்தியையும் ஏற்றிக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன். காசெல்லாம் கிடையாது. டிசம்பரில் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் கேக் வரும். அதுதான் வருஷக் கட்டணம்.

2013-ல் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. சொந்த வண்டியென்றால் பதினைந்து வருஷத்தோடு ஆர்.சி. காலாவதி. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னால்தான் இன்னும் ஐந்து வருஷம். (வாடகை வண்டிக்குக் கணக்கு வேறு, அதற்கு அடிக்கடி காட்ட வேண்டும். ஜனங்கள் பாஷையில் இரண்டுமே 'எஃப்.சி.'தான்.)

ராயப்பேட்டைப் பக்கம் நமக்கு ஒரு மெக்கானிக் பாய். வேனைப் பார்த்ததுமே, "சார், முதல்ல மேட்டைத் தூக்கிப் பார்த்துடலாம். கடற்கரை வண்டி, அடியில என்ன இருக்கோ" என்றார்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "அதெல்லாம் எஃப்.சி. முடியட்டும் பாய். இப்போ அவங்க எதைப் பார்ப்பாங்களோ, அதை மட்டும் சரி பண்ணுங்க."

பாய் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அப்புறம் பண்ணினார். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர். பிரேக் ஷூ மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புகையைச் சரிக்கட்டினார். ஓரங்களில் டிங்கர் வேலை, பட்டி, வெள்ளைப் பெயின்ட். அடியில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். உள்ளே தரை முழுக்கப் புது ரப்பர் மேட். அது என் யோசனை. பாக்கி இருந்தது டயர். நான்கும் என் தலையைவிட மோசமான வழுக்கை. புதுசு வாங்கக் கையில் பணமில்லை. மச்சினனும் ஆம்னிதான் வைத்திருந்தான். "ஒருநாள் கடன் கொடுடா" என்று அவனுடைய டயர்களை வீலோடு கழற்றி மாட்டிக்கொண்டு போனேன். முகூர்த்தத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி.

ஆய்வு கால் மணி நேரம். இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்து எடுத்ததை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். லைட் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு "பிடிங்க" என்றார். பிடித்தது. டயரைப் பார்த்து, "புதுசா?" என்றார். "ஆமா சார்" என்றேன். பொய்யில்லை, மச்சினனுக்குப் புதுசுதான். எனக்குப் பின்னால் வெயிலில் முப்பது வண்டி நின்றது. அந்த மனிதர் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எதைக் காட்டினேனோ அதைத்தான் அவர் பார்த்தார்.

பாஸ்! அன்று ராத்திரியே மச்சினன் டயர் மச்சினன் வீட்டுக்குப் போனது. என் வழுக்கை டயர்கள் திரும்ப ஏறின. மறுநாள் காலை அந்த டயரில்தான் மூன்று குழந்தைகளும் ஸ்கூலுக்குப் போனார்கள்.

நவம்பர் வந்தது. நல்ல மழை. சாந்தோம் ஹைரோடிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். பின் சீட்டில் டீச்சர் பேத்தி, யு.கே.ஜி. படிக்கிற குட்டி, கைகொட்டிச் சிரித்தாள்.

"அங்கிள், கீழே ரோடு ஓடுது!"

"ஆமாம்மா, ரோடு கீழேதான் ஓடும்."

"இல்லே அங்கிள், வண்டிக்குள்ளே ஓடுது. நேத்து பென்சில் போட்டேன், ரோட்ல விழுந்துச்சு. இன்னிக்கு ரப்பர் போட்டேன், அதுவும் விழுந்துச்சு!"

ஓரம் கட்டினேன். மேட்டின் மூலையை ஷூவால் ஒதுக்கி வைத்திருந்தாள். தள்ளுகதவின் ஓரமாக, என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கீழே தாரில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியின் ஷூ என் உள்ளங்கையைவிடச் சின்னது.

இதற்கு முந்தைய வருஷம், 2012 ஜூலை 25, தாம்பரம் பக்கம் முடிச்சூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனது. ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; அந்த வருஷமே ஸ்கூல் பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அந்த பஸ்ஸும் எஃப்.சி. வாங்கிய பஸ்தான். பேப்பரில் படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீனில் நான் எவ்வளவு ஆவேசமாகப் பேசினேன் தெரியுமா? 'இவனுங்களையெல்லாம் நடுரோட்டுல நிக்க வெச்சு...' என்று ஆரம்பித்து டீ ஆறும் வரை பேசினேன்.

குழந்தைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மேட்டை உருவிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரையில் குத்தினார். அப்பளத்தில் குத்தின மாதிரி உள்ளே போனது. நான்கு இடத்தில் குத்தினார். நான்கிலும் போனது. பின் சீட் பெல்ட் மாட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலும்.

"துரு உள்ளேர்ந்துதான் சார் வரும். கதவு ஓரமா தண்ணி இறங்கும். வெளியே போற சின்ன ஓட்டை மண்ணு அடைச்சிக்கும். உங்க ஊரு காத்துல உப்பு. மேலே மேட்டைப் போட்டு மூடிட்டீங்க, ஈரம் காயவே இல்ல. பெயின்ட்ல கொப்புளம் தெரியுதுன்னா உள்ள வேலை முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

பழைய தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங். தள்ளுகதவின் ரெயில் புதுப்பேட்டையில் தேடி எடுத்தது. நான்கு டயர், இந்தத் தடவை சொந்தமாக. பி.எஃப்.பில் லோன் போட்டேன்.

செலவு பெரிசில்லை ஸார். அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுப் படியேறியதுதான் பெரிசு. சொல்லாமல் விட்டிருக்கலாம், குட்டி எப்படியும் சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும் சொன்னேன், இரவல் டயர் உட்பட. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. "காபி சாப்பிடறீங்களா?" என்றார். மறுநாளிலிருந்து பேரக்குழந்தைகள் ஸ்கூல் பஸ்ஸில் போனார்கள். டிசம்பரில் கேக் வழக்கம்போல் வந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

லண்டனில் இருக்கும் பெரியம்மா மகனிடம் போனில் புலம்பினேன். அங்கே கார் மூன்று வயதைத் தாண்டினால் வருஷா வருஷம் 'எம்.ஓ.டி.' சோதனையாம். வண்டியைத் தூக்கி வைத்து அடியில் தட்டித் தட்டிப் பார்ப்பார்களாம். சீட் பெல்ட் மாட்டும் இடத்தருகே தகடு பலமில்லாமல் துருப்பிடித்திருந்தால் ஃபெயில். "ஆனா இங்கேயும் அந்தப் பேப்பர் சோதனை பண்ணின நாளுக்குத்தாண்டா உத்தரவாதம்" என்றான்.

நம்மூரிலும் இப்போது மெஷின்கள் வருகின்றன. பிரேக்கை ரோலரில் ஏற்றி அளக்கிறார்கள். 2022 ஏப்ரலில் பழைய கார் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். வரட்டும். மெஷின் மேட்டைத் தூக்குமா என்பதுதான் என் கவலை.

2016-ல் வேனை விற்றேன். வாங்க வந்தவர் புதுசாய்க் கல்யாணமான பையன்; கேட்டரிங் தொழில். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "எஃப்.சி. இருக்கா சார்?"

"2018 வரைக்கும் இருக்கு."

"அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கும்" என்று பர்ஸை எடுத்தார்.

"இருங்க தம்பி" என்றேன். மேட்டைத் தூக்கி வெல்டிங் போட்ட இடங்களைக் காட்டினேன். சீட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் கோளாறை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்றேன். ஒரு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் கொடுத்து, பழைய பேப்பரை விரித்து, அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். பாவம், வெள்ளைச் சட்டை. அரைமணி நேரம் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"பின்னால இடது பக்கம் லேசா துரு ஆரம்பிச்சிருக்கு சார். ஐயாயிரம் குறைச்சுக்குங்க."

குறைத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியதும் என் மனைவி சொன்னாள்: "ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துட்டுப் போயிட்டான், பார்த்தீங்களா?"