அரசியின் ரோட்டில் ஓர் அறை

கோமோ ஏரிக்கரையில் ஒரு வாரம் தங்க எந்த ஹோட்டல் நல்லது என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள். அந்தக் கரையிலுள்ள லென்னோவில் வளர்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நானோ ஹோட்டலை விட்டுவிட்டு ரோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன்.

ரோட்டின் பெயர் ரெஜினா, அதாவது அரசி. லொம்பார்டிய அரசி தியோதெலிந்தாவின் நினைவாக வந்த பெயர் என்பார்கள். கோமோவிலிருந்து மேற்குக் கரையை ஒட்டியபடி வடக்கே போகிறது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செர்னோபியோவில் வில்லா தெஸ்தே. 16ஆம் நூற்றாண்டில் ஒரு கர்தினால் கட்டுவித்த மாளிகை, 1873இலிருந்து ஹோட்டல். முன்னால் தோட்டம், அதை விட்டால் தண்ணீர். நடுவில் ரோடு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மோல்த்ராசியோவில் பாசலாக்குவா. அறைகள் 24தான். 2023இல் உலகின் சிறந்த 50 ஹோட்டல்களில் முதலிடம் அதற்கு.

லால்யோவில் எல்லாக் கார்களும் மெதுவாகும், ஜோர்ஜ் குளூனியின் வீட்டைப் பார்க்க. பார்க்க வேண்டியது மேலே நிற்கும் மலையை. 2021 ஜூலையில் பெருமழையோடு சேறும் கல்லும் அந்த ஊருக்குள் இறங்கின.

கொலொன்னோவில் தொடங்குகிறது எங்கள் பகுதி. வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ரோடு நெருங்கிப் போய்விடும். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று பின்னால் போயே தீர வேண்டும். கோடையில் வாகனங்களை நிறுத்தி விடுவதற்கென்றே ஆட்களைப் போடுகிறார்கள். 'மொவியேரி' என்று பெயர். கரையோர ஹோட்டல்களில் கட்டில்கள் கூடிக்கொண்டே போகின்றன, ரோடு அதே அகலம். கொலொன்னோவிலிருந்து கிரியாந்தே வரை சுமார் பத்துக் கிலோமீட்டருக்கு, பெரும்பாலும் சுரங்கமாக, ஒரு மாற்றுவழி குடைகிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பெரியவர்கள் வாயில் அடிபட்ட கதை அது.

அப்பா திரெமெட்சோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டும் மேசைக்கு உயர்ந்தார். அம்மாவுக்கு இத்தாலியில் முதலில் பிடித்தது மிசொல்தீனோ. ஏரி மீனை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு தகரத்தில் அழுத்தி வைப்பார்கள். வேறென்ன, கருவாடு! நட்சத்திர ஹோட்டல்களில் இப்போது அதைப் பெரிய தட்டின் நடுவில் ஒற்றைத் துண்டாக வைத்துத் தருகிறார்கள்.

ஜூன் 24ஐ ஒட்டிய வார இறுதியில் ஒசூச்சோவுக்கு எதிரே கொமாச்சினா தீவில் புனித யோவான் திருவிழா. 1169இல் கோமோக்காரர்கள் அந்தத் தீவை அழித்தார்கள். அந்த அழிவை இன்று வாணவேடிக்கையால் நினைவுகூர்கிறார்கள். இருட்டியதும் ஏரியில் விளக்குகளை மிதக்க விடுவார்கள். முன்பெல்லாம் நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டதாம். நான் பார்த்தவை மெழுகுக் கிண்ணங்கள். முதல் வருஷம் அம்மா கரைக் கல்லில் உட்கார்ந்து வெகு நேரம் பேசாமல் பார்த்தா. பிறகு, "எங்கடை விளக்கீட்டை இவங்கள் தண்ணியிலை வைக்கிறாங்கள்" என்றா. அப்பா வேலை முடிந்து எங்களோடு சேருவதாக ஏற்பாடு. ரோடு அடைத்துக்கொண்டது, பஸ் வரவில்லை. திரெமெட்சோவிலிருந்து நடந்தே வந்தார். கடைசி வாணம் வெடித்து அரை மணி கழிந்திருந்தது. சட்டையெல்லாம் வெங்காய மணம். அணையாமல் கரையில் ஒதுங்கியிருந்த ஒரு விளக்கைக் காட்டினேன். குனிந்து பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு வேலை.

திரெமெட்சோ, கதெனாபியா பக்கத்துப் பழைய பெரிய ஹோட்டல்களுக்கும் ஏரிக்கும் நடுவே ஓடுவது இதே ரோடுதான். 1910இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் திரெமெட்சோவும் அப்படித்தான். பல்கனியிலிருந்து எதிரே பெல்லாஜியோ தெரியும், கீழே லொறியும் தெரியும். காலை வெயில் தாராளம். மாலையில் சூரியன் முதுகுப் பக்க மலையில் சீக்கிரம் மறைந்துவிடும். அந்தி வெயில்தான் வேண்டுமென்றால் அக்கரையில் வரென்னா போங்கள். மத்தியானத்துக்கு மேல் தெற்கிலிருந்து பிரேவா காற்று எழும்பும், வெளியே விரித்த மேசைத்துணி நிற்காது.

மெனாஜோவுக்கு வடக்கே சொல்ல அதிகமில்லை. தொங்கோ, 1945 ஏப்ரலில் முசோலினி பிடிபட்ட ஊர். அதற்கப்பால் கூடாரக்காரர்களும் பாய்மரக்காரர்களும்.

அறை எடுக்குமுன் கேளுங்கள்: கட்டிடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ரோடு உண்டா? படகுத்துறை எத்தனை நிமிட நடை? கோமோவில் வாடகைக் கார் எடுக்காதீர்கள். லாகோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கிறது. குளிர்காலத்துக்கு வராதீர்கள், பெரிய ஹோட்டல்கள் பலவும் வசந்தம் வரை பூட்டிக் கிடக்கும். அப்பா வருஷத்தில் ஏழெட்டு மாதம்தான் சம்பளம் எடுத்தார்.